நான்காவது குழிக்கு ஒரு திருத்தம்

நாகலூர்ச் சரிவில்
காப்பிச்செடி பிடுங்கிய முப்பது ஏக்கர்.
ஒன்பது குழி வேண்டுமென்றார் மார்க்கபந்து,
செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரி,
கோல்ஃப் மட்டையைக் குடைபோலப் பிடிப்பவர்.
"எல்லாம் நேராக இருக்கட்டும் மேடம்.
அந்தப் பாறைக்கு வெடி வைத்துவிடலாம்."

பாறை
நான்காவது குழிக்குப் போகும் வழியில்
நட்டநடுவே கிடந்தது,
கல்யாண வீட்டு வாசலில்
கடன்காரன் உட்கார்ந்திருப்பதுபோல.

தடை ஒரு கேள்வி ஐயா, என்றேன்.
இடப்பக்கம் அகலம். அங்கே அடித்தால் பயமில்லை,
ஆனால் அடுத்த அடிக்குக் கிரீன் முதுகைக் காட்டும்.
வலப்பக்கம் பாறைக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே
ஒரு மாட்டுவண்டி போகிற சந்து.
அதில் பந்தை நிறுத்துகிறவனுக்குக்
கொடிக்கம்பு கதவைத் திறந்துவிடும்.
கெட்டிக்காரனுக்கு ஆசை காட்ட வேண்டும்,
பயந்தவனுக்கும் ஒரு வழி விட வேண்டும்.
இவ்வளவுதான் இந்தத் தொழில்.

"வெடிக்கு என்ன செலவாகும்?" என்றார்.

முதல் மைதானங்களுக்கு வரைபடமே கிடையாது.
ஸ்காட்லாந்துக் கடலோரத்தில்
உப்புக்காற்றுக்கு ஒதுங்கிய செம்மறிகள்
மேட்டின் மறைவில் மணலைக் குழித்துப் படுத்தன.
முயல் கொறித்த இடமெல்லாம் மொட்டைத்தலை மாதிரி வழவழத்தது.
ஆட்கள் அப்புறம்தான் வந்தார்கள், மட்டையோடு;
ஆடு படுத்த குழியில் பந்தைத் தேடித் திட்டினார்கள்.
பின்னால் கோட்டுப் போட்டவர்கள் சிலர்
சமவெளியில் கயிறு பிடித்து மண்ணைக் குவித்தார்கள்,
பார்த்தால் சமாதி வரிசை.
அதற்கு வெட்கப்பட்டவர்கள்
வெட்டிய பள்ளத்தை வெட்டாததுபோல்
வெட்டப் பழகினார்கள்.
நான் அவர்கள் கட்சி.

ஆடக் கற்றது மட்டும் கீழே, சேலத்தில்,
வெள்ளைக்கல் சுரங்கத்தை ஒட்டி
ஒரு புல்கூட இல்லாத மைதானத்தில்.
மணலில் பழைய லாரி ஆயில் ஊற்றி
உருளை உருட்டிய 'பிரவுன்'.
குழியிலிருந்து பந்தை எடுத்தால் விரல் கறுக்கும்.
பந்து உருளச் சாய்வு போதும் என்று
அந்தக் கறுப்பு விரல்தான் சொன்னது.

ஐப்பசி முழுக்க மழை.
புல்டோசர் பச்சமுத்து, ஓமலூர்க்காரர்,
என் சமமட்டக் கோடுகளை ஒருதரம் பார்த்தார்,
செம்மண்ணில் தண்ணீர் கீறிய தடத்தை ரெண்டுதரம்.
"தண்ணி இப்பிடித்தான் போவும்.
நீங்க வேணா பேப்பர்ல திருப்பிக்கங்க."
திருப்பிக்கொண்டேன்.
அது திருத்தம் ஒன்று.
பாறையைக் காப்பாற்றியது திருத்தம் இரண்டு;
வெடிக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று
பொய் சொன்னேன்.

மாசியில் மார்க்கபந்துவின் போன் ஓய்ந்தது.
இருபது கொண்டை ஊசியும் இறங்கிப்போனது
லாரி மேல் ஏறிய புல்டோசர்.
பாக்கித்தொகை இரண்டே கால் லட்சம்
இன்னும் மலையில்தான் இருக்கிறது.

ஒன்றரை வருஷம் கழித்து
விட்டுவந்த லெவல் ஸ்டாண்டை எடுக்கப் போனேன்.
எட்டுக் குழியை உண்ணிச்செடி விழுங்கியிருந்தது.
நான்காவது மட்டும் திறந்து கிடந்தது,
மிஷின் வைத்து வெட்டினாற்போல்.
மேய்ந்துகொண்டிருந்தன காட்டெருமைகள்.
எண்ணினேன், ஏழு.

பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் காற்றுக்குப் பயந்து
பாறையின் இடப்பக்க மறைவில் கன்று ஒன்று படுத்திருந்தது.
அது எழுந்து நகர்ந்ததும் பார்த்தேன்:
புல் தேய்ந்து, செம்மண் தெரிய,
முழங்கால் ஆழத்தில் உருண்டையாய் ஒரு பள்ளம்.

நான் பங்கர் குறித்தது பன்னிரண்டு அடி தள்ளி.
அங்கே எந்தப் பந்தும் வராது என்று
இப்போது தெரிகிறது.
பயந்தவனுக்கு நான் விட்ட வழி
ரொம்பத்தான் சுலபம்.
கன்று அதைக் கண்டுபிடித்துவிட்டது.

கார் பானெட்டில் வரைபடத்தை விரித்து
ஒரு வட்டத்தை அழித்து ஒரு வட்டம் போட்டேன்.
திருத்தம் மூன்று: இடப்பக்கப் பள்ளம் இடமாற்றம்.
'பரிந்துரைத்தவர்' என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று பென்சிலைக் கடித்தபோது
பெரியது ஒன்று தலை நிமிர்ந்தது.

கட்டத்தைக் காலியாக விட்டு
பின்னாலேயே எடுத்தேன் காரை,
ஹாரன் அடிக்காமல்.
ஸ்டாண்ட் அங்கேயே நிற்கிறது.